இரும்புக்கு வெட்டிய பேப்பர் கட்டிங்

பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிய ரிப்பேர்காரர், கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"என்னம்மா இது, கம்ப்யூட்டரா தலையணையா?"

மருமகள் குனிந்து எட்டிப் பார்த்தாள். உள்ளே போர்டும் தெரியவில்லை, கம்பியும் தெரியவில்லை. நீலம், மெரூன், வெள்ளை, சீருடைச் சாம்பல் என்று எல்லா நிறத்துப் பஞ்சும் நூல் பிசிறும் சேர்ந்து ஒரு மெத்தையே கட்டியிருந்தது. ஃபேன் எங்கே இருக்கிறதென்று விரலால் தோண்டித்தான் தேட வேண்டியிருந்தது. ரிப்பேர்காரர் அந்த மெத்தையை ஒரே துண்டாக உரித்து, பூனைக்குட்டியைப் பிடரியில் பிடித்துத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார்.

"மூச்சுத் திணறியே செத்திருக்கு. போர்டு, கார்டு எல்லாம் வெந்துபோச்சு. இனி இதுல எடுக்க ஒண்ணுமில்ல."

அறையின் மறுகோடியில் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் சட்டென்று நின்றது.

"என் பஞ்சா அது?" என்றாள் மாமியார்.

வேறு யாருடையதாக இருக்கும்? இருந்தது ஒரே அறை. ஜன்னல் பக்கம் மாமியாரின் மெஷினும் வெட்டுகிற மேசையும். சுவர்ப் பக்கம் மருமகளின் நாற்காலியும் திரையும். வேறு இடமில்லாததால் கம்ப்யூட்டர் பெட்டி மட்டும் வெட்டுகிற மேசைக்கு அடியில் இருந்தது. மேலே கத்தரி ஓட ஓட, கீழே அது பிசிறை மூச்சு மூச்சாக இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. குளிர் நாட்களில் மாமியார் அதன்மேல் காலை வைத்துச் சூடு காய்வாள். அது காய்ச்சல் சூடு என்று யாருக்குத் தெரியும்?

மாமியாரைத் தெருவில் எல்லாரும் இஞ்ச்டேப் அம்மா என்றுதான் சொல்வார்கள். அவள் தைத்த துணி ஒன்றுகூட அளவு சரியில்லை என்று திரும்பி வந்ததில்லை. மருமகளுக்கு வேறு வேலை. இன்னும் கட்டாத வீடுகளைக் கம்ப்யூட்டரில் கட்டிக் காட்டுவாள். வீட்டுக்காரர்கள் திரையிலேயே கதவைத் திறந்து உள்ளே போய், சமையலறையைப் பார்த்துவிட்டு, "ஜன்னலைக் கொஞ்சம் தள்ளி வைங்க" என்பார்கள். அதற்கு வலுவான கம்ப்யூட்டர் வேண்டும். அது இல்லாமல் இரண்டு வாரம் போனால், வேலை கொடுக்கும் என்ஜினியர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்.

சாயங்காலம் மகன் வந்தான். பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எதையும் நேரத்துக்கு முடித்துவிட வேண்டும் அவனுக்கு.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? அம்மா, நீ எத்தனை வருஷம்தான் மிதிச்சுக்கிட்டே இருப்ப? மெஷினைக் குடுத்துடுவோம். அந்த இடத்துல இவளுக்குப் பெரிய மேசை, பெரிய பெட்டி, எல்லாம் வந்துடும். பஞ்சும் இருக்காது."

"ஏண்டா, நான் மிதிக்கலேன்னா நீ மிதிக்கப் போறியா?" என்று மாமியார் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் கை மட்டும் மெஷின் சக்கரத்தின் மேலிருந்து இறங்கவில்லை.

அந்தக் கையை மருமகள் பார்த்துவிட்டாள்.

"யாரும் எதையும் குடுக்க வேணாம்," என்றாள். "இந்த ரூம்ல ரெண்டு பேருக்கும் இடம் இருக்கு. அதோ, நூல் அடுக்குக்கு மேல ஒரு பலகை சும்மாத்தானே கிடக்கு? அதுல உட்கார்ற மாதிரி ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் நானே கட்டறேன். அவ்வளவு உயரத்துக்குப் பஞ்சும் ஏறாது."

"அந்தப் பலகையிலயா? ஷூ பெட்டிதான் வைக்கலாம்," என்றான் மகன்.

"ஷூ பெட்டி அளவுலயே இருக்காம்ங்க."

சொல்லிவிட்டாள். ஒரு திருகாணியைக்கூட அதுவரை அவள் முடுக்கியதில்லை. அன்றிலிருந்து கைப்பேசியே கதி என்று கிடந்தாள். படிக்கப் படிக்கத்தான் பயம் வந்தது. பெரிய பெட்டி என்றால் எதை வாங்கினாலும் உள்ளே போட்டு மூடிவிடலாம். சின்னப் பெட்டி அப்படியில்லை. நெரிசலான பஸ் மாதிரி. ஒருவர் காலை நீட்டினால் பக்கத்தில் இருப்பவர் மடக்க வேண்டும். நினைவகத் துண்டான ராமை உயரமாக வாங்கினால், சூட்டைத் தணிக்கும் கூலர் உட்காராது. உயரமான கூலர் வாங்கினால் மூடி மூடாது. மின்சாரம் கொடுக்கும் வழக்கமான பவர் சப்ளை வாசலிலேயே நின்றுவிடும்; அதற்கென்று சிறிய ஜாதி தனியாக உண்டு. ஒவ்வொரு சாமானும் மற்றதிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் உள்ளே வர முடியும்.

இதையெல்லாம் அவள் சத்தமாகப் புலம்ப, பித்தான் தைத்துக்கொண்டே மாமியார் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நம்பரா சொன்னா எனக்குப் புரியாது பொண்ணே. பேப்பர் கட்டிங் போட்டுப் பார்த்துடுவோமா? எந்தப் புது மாடலும் முதல்ல பேப்பர்லதான். அப்புறம்தான் துணி."

மருமகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இப்படி ஒரு வழி இருப்பதாகக் கைப்பேசியில் யாருமே சொல்லவில்லை.

வெட்டுகிற மேசையில் பழுப்புக் காகிதம் விரிந்தது. மருமகள் அளவைப் படிக்கப் படிக்க, மாமியார் டேப்பைத் திருப்பி சென்டிமீட்டர் பக்கம் வைத்து, சாக்பீஸால் கோடு போட்டு வெட்டித் தள்ளினாள். முதலில் பெட்டி: முன்பக்கம், பக்கவாட்டு, மேல்பக்கம். பிறகு உள்ளே போகிற ஒவ்வொன்றும்.

"இது போர்டு. ஒண்ணரை உள்ளங்கைதான்."

"முதுகுத் துண்டு. ம், அடுத்தது?"

"பவர் சப்ளை."

"காலர்னு வெச்சுக்கோ. இது என்னடி, கை மட்டும் இவ்வளவு நீளம்?"

"அதுதான் அத்தை கிராபிக்ஸ் கார்டு. வீட்டைத் திரையில வரையறதே அதுதான். அதுல நீளமா இருக்கறதுதான் வேகமா ஓடுமாம்."

அந்த நீளமான கையை மாமியார் பெட்டியின் பக்கவாட்டுத் துண்டின்மேல் வைத்தாள். இரண்டு முனையும் அச்சாகப் பொருந்தின. ஓரத்தில் ஒரே ஒரு நூல் அளவு மிச்சம்.

"நூல் இடம் போதுமா அத்தை?"

"கச்சிதம்னா அதுக்குப் பேருதான். லூஸா இருந்தா அது சட்டை இல்ல, சாக்கு."

இருவரும் சிரித்தார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மேசையில் இருவரும் சேர்ந்து ஒரு வேலை செய்தது அதுதான் முதல் தடவை. கம்ப்யூட்டர்காரர்கள் அதையெல்லாம் கணக்கில் சேர்ப்பதில்லை.

கடையிலிருந்து சாமான்கள் வந்தன. மகனுக்கு விடுமுறையான ஒரு நாள் காலையில் மேசையைப் பஞ்சில்லாமல் துடைத்து, பெட்டியைப் பிரித்து வைத்தார்கள். போர்டு உட்கார்ந்தது. கூலர் உட்கார்ந்தது, மூடிக்கும் அதற்கும் நடுவில் தாராளமாக இடம். பவர் சப்ளை தன் மூலைக்குள் வழுக்கிக்கொண்டு போனது. ஒவ்வொன்று உட்காரும்போதும் மாமியார் அதற்குரிய காகிதத் துண்டை எடுத்து ஓரமாக அடுக்கினாள். கடைசியாக ஒரே ஒரு துண்டு மிஞ்சியது. நீளமான கை.

மருமகள் கார்டை இரண்டு கையாலும் ஏந்தி, சாய்த்து, உள்ளே இறக்கினாள். கார்டின் மூக்கு இடித்தது.

வேறு பக்கமாகச் சாய்த்தாள். அப்போதும் இடித்தது.

"நல்லா அழுத்து," என்றான் மகன்.

"இது என்ன பஸ் கதவா, அழுத்தறதுக்கு?"

எந்தப் பக்கம் திருப்பினாலும் பெட்டியின் முன் சுவரில் கார்டின் மூக்கு முட்டிக்கொண்டு நின்றது. மாமியார் அவளை மெல்ல நகர்த்திவிட்டு, டேப்பை உள்ளே விட்டுப் பிடித்தாள். பார்த்தாள். டேப்பை வெளியே எடுத்து, கார்டின்மேல் வைத்துப் பார்த்தாள். மறுபடி உள்ளே விட்டாள். அவள் ஒரே அளவை இரண்டாம் தடவை எடுத்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

"ரெண்டு விரல் குறையுது," என்றாள். "தப்பா வெட்டிட்டேன்."

அந்த நேரத்தில் மருமகள் ஏதாவது சொல்லியிருக்கலாம். 'இல்லை அத்தை' என்ற இரண்டு வார்த்தை போதும். ஆனால் அவளுக்குக் கண்ணெதிரே அந்த இரண்டு விரல் இடைவெளிதான் நின்றது. கார்டின் உறையைக் கிழித்தாகிவிட்டது; கடைக்காரர் திருப்பி எடுப்பாரோ மாட்டாரோ. என்ஜினியர் என்ன சொல்வாரோ. எதுவும் பேசாமல் கார்டை அதன் அட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

கடைக்காரர் தும்பைப்பூ மாதிரி நரைத்த மீசைக்காரர். கார்டைப் பார்த்ததுமே கேட்டார்: "நுழையலையா?"

"எப்படித் தெரியும்?"

அவர் பின்னால் இருந்த அலமாரியைக் காட்டினார். உறை பிரித்த கார்டுகள் வரிசையாக நின்றன. "எல்லாம் நுழையாம திரும்பினதுதான். முதல் தடவை குட்டிப் பெட்டி கட்டறவங்க முக்கால்வாசிப் பேர் இங்க ஒரு தடவை வந்துட்டுத்தான் போவாங்க. அளவு பார்த்தீங்களா?"

"பார்த்தோம். பேப்பர்ல வெட்டியே பார்த்தோம்."

"வெளி அளவா, உள் அளவா?"

மருமகள் கைப்பேசியைத் திறந்து அந்தப் பெட்டியின் இணையப் பக்கத்தைத் தேடினாள். மேலே பெரிய எழுத்தில் பெட்டியின் நீளம், அகலம், உயரம். அதைத்தான் அவள் வாசித்தாள். அதற்குக் கீழே, படமெல்லாம் தாண்டி, சின்ன எழுத்தில் இன்னொரு வரி: உள்ளே போகக்கூடிய கார்டின் நீளம் இவ்வளவு. சரியாக இரண்டு விரல் குறைவு.

"அய்யய்யோ," என்றாள். "நான்தான். வாசிச்சது நான்தான்."

"இதுக்கு ஏம்மா அழறீங்க? ஒரு ஃபேன் வெச்ச குட்டைக் கார்டு இருக்கு, மாத்தித் தரேன். இதைவிடக் கொஞ்சம் மெதுவா வரையும், அவ்வளவுதான். வீடு ஒண்ணும் இடிஞ்சு விழாது."

"அழுகை கார்டுக்காக இல்லைங்க," என்றாள் மருமகள்.

பஸ்ஸில் குட்டைக் கார்டை மடியில் வைத்துக்கொண்டு, எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தபடியே வந்தாள். காலால் கதவைத் தள்ளி, "அத்தை, தப்பு உங்களோடது இல்ல" என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தவள் பாதி வார்த்தையில் நின்றாள்.

ஜன்னல் பக்கம் காலியாக இருந்தது.

மெஷின் இல்லை. அதன் ஸ்டூல் இல்லை. தரை விரிப்பில், இத்தனை வருஷம் இரும்புக் கால்கள் அழுத்திய நான்கு பள்ளங்கள் மட்டும் இருந்தன. வெளிச்சம் அந்த இடத்தில் கூசுகிற மாதிரி விழுந்தது. மாமியார் சுவரோரம், கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலை இல்லாமல் அந்தக் கைகளை மருமகள் பார்த்ததே கிடையாது. யாரோ கழற்றி வைத்த கையுறை மாதிரி கிடந்தன.

"எங்க அத்தை மெஷின்?"

"திரைச்சீலைக் கடைக்காரம்மா ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருந்தா. குடுத்துட்டேன். இனிமே பெரிய பெட்டியே வாங்கு. நீளக் கையே போட்டுக்கோ. இடம் இருக்கு."

வாசலில் மகன் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றான். "நான் ஒண்ணும் சொல்லலப்பா. அம்மாவே வேன் கூப்பிடச் சொன்னாங்க. நீ கோபமாப் போனேன்னு…"

"நான் கோபமாவா போனேன்?"

"பஞ்சால பழசைக் கொன்னேன்," என்றாள் மாமியார், யாரையும் பார்க்காமல். "அளவால புதுசைக் கெடுத்தேன். அளவு தப்பினதுக்கப்புறம் கத்தரி பிடிக்கக் கூடாது. நாளைக்கு ஒரு குழந்தையோட சட்டையையும் இப்படித்தான் வெட்டுவேன்."

மருமகளுக்கு ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று. "அத்தை, நீங்க சரியாத்தான் வெட்டினீங்க!"

"தேத்தாதே பொண்ணே. டேப் விட்டுப் பார்த்தேனே."

"டேப்பை எங்க விட்டீங்க? உள்ள விட்டீங்க!"

சொன்னதோடு நிற்கவில்லை. மேசையில் அடுக்கியிருந்த காகிதத்தில் பெட்டியின் பக்கவாட்டுத் துண்டை உருவினாள். கம்ப்யூட்டர் பெட்டியை மாமியார் எதிரே தரையில் வைத்தாள். காகிதத்தைப் பெட்டியின் வெளிப்பக்கத்தில், தகட்டின்மேல், ஒட்டி வைத்தாள்.

மாமியார் வேண்டாவெறுப்பாகத்தான் குனிந்தாள். பிறகு மண்டியிட்டாள். நகத்தை ஓரத்தில் வைத்து மெல்ல இழுத்துக்கொண்டு போனாள். முதல் மூலை. இரண்டாவது. நாலாவது மூலையில் நகம் நின்றது. எங்கேயும் காகிதம் தகட்டைத் தாண்டவில்லை. தகடும் காகிதத்தைத் தாண்டவில்லை.

"நூல் பிசகலையே," என்றாள் ஆச்சரியமாக.

"பிசகலை. நான் சொன்ன நம்பருக்கு அச்சா வெட்டியிருக்கீங்க. நான் வாசிச்சது பெட்டியோட வெளி அளவு. உள் அளவு வேற."

"வெளி அளவு, உள் அளவா? சட்டைக்கு ஏது ரெண்டு அளவு? திருப்பிப் போட்டாலும் அதே சட்டைதானே?"

"இரும்புக்கு ரெண்டு இருக்கு அத்தை."

மாமியார் முன் சுவரை விரல் முட்டியால் தட்டினாள். உள்ளேயும் வெளியேயும் கை விட்டு, இரண்டு விரலுக்கு நடுவில் அதன் கனத்தைப் பிடித்துப் பார்த்தாள். வெளித் தகடு, ஒரு இடைவெளி, ஃபேன், உள் தகடு. ஆயுசு முழுக்கத் துணியை வெட்டியவளுக்கு, சுவருக்கும் ஒரு கனம் உண்டு என்பது அன்றைக்குத்தான் கைக்குத் தெரிந்தது. மருமகளோ தினமும் திரையில் சுவர் எழுப்புகிறவள். அவளுக்கும்தான் தோன்றவில்லை.

"அடிப் பாவி!" என்றாள் மாமியார் திடீரென்று. "இதை நான் 'தப்பா வெட்டிட்டேன்'னு சொன்னப்பவே சொல்றதுக்கென்ன?"

"அப்போ எனக்கே தெரியாது அத்தை." மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஆனா தெரியலேன்னாலும், நீங்க சொன்னதை நான் கேட்டுக்கிட்டுச் சும்மா இருந்தேன்."

"ஆமா. இருந்தே." காகிதத்தை மடித்துக்கொண்டே, "அதுதான் வலிச்சுது," என்றாள். "மெஷின் போனதுகூட அவ்வளவு வலிக்கல."

மருமகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமியார் அதை உருவிக்கொள்ளவில்லை. பிடித்த கையை ஊன்றியே எழுந்து நின்றாள்.

"டேய், செருப்பை எடு."

"எங்கம்மா?"

"உன் வேன்காரனைக் கூப்பிடு."

திரைச்சீலைக் கடையில் மெஷின் அதற்குள் வேலையில் இருந்தது. கடைக்காரம்மாவின் ஆள் மிதிக்க, சக்கரம் முன்னால் இரண்டு சுற்று, பின்னால் ஒரு சுற்று என்று முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. தரையெல்லாம் அறுந்த நூல்.

"காலையில குடுத்துட்டு சாயங்காலம் வந்து கேட்கறீங்களே, இது என்ன இரவல் குடையா?" என்று இடுப்பில் கையை வைத்தாள் கடைக்காரம்மா.

"தப்புதான். சொன்ன சொல் மாறறேன், திட்டிக்கோங்க. என் அளவு தப்பிடுச்சுன்னு நினைச்சுக் குடுத்தேன். தப்பலையாம்."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

மாமியார் மெஷினிலிருந்து தொங்கிய திரைச்சீலையின் ஓரத்தை எடுத்துப் பிடித்தாள். தையல் பாம்பு மாதிரி நெளிந்து போயிருந்தது. கடைக்காரம்மாவும் பார்த்தாள், பார்த்ததும் இடுப்பிலிருந்த கை தானாக இறங்கியது.

"இந்த ஆர்டர் பூராவும் நானே ஓரம் அடிச்சுத் தரேன். என் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து," என்றாள் மாமியார்.

"எடுத்துட்டுப் போங்கம்மா," என்றாள் கடைக்காரம்மா. "இது உங்க காலைத் தவிர வேற யார் காலுக்கும் அடங்காது போலிருக்கு. துணியையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போங்க."

மெஷினின் இரும்புத் தலையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மாடிப்படி ஏறிய மகனுக்கு மூச்சு வாங்கியது. "காலையில இறக்கினேன், சாயங்காலம் ஏத்தறேன். எங்க டிப்போ பஸ்கூட ஒரு நாளைக்கு இப்படி ட்ரிப் அடிக்காது."

"பேசாம ஏறுடா. மெஷினைக் குடுத்துடலாம்னு முதல்ல சொன்னது யாரு?"

நான்கு கால்களும் நான்கு பள்ளங்களில் போய் உட்கார்ந்தன. மருமகள் குட்டைக் கார்டை இறக்கினாள். இந்தத் தடவை டக்கென்று ஒரு சத்தம், உட்கார்ந்துவிட்டது. மூடியை மூடி, நூல் அடுக்குக்கு மேலே பலகையில் வைத்து, பொத்தானை அழுத்தினாள். மாமியார் இரண்டடி தள்ளியே நின்றுகொண்டாள். திரையில் வெளிச்சம் வந்தது. வீடு ஒன்று மெல்ல எழும்பியது: சுவர், கதவு, ஜன்னல்.

"என்னடி, சத்தமே காணோம்? பழசு புயல்காத்து மாதிரி ஊளையிடுமே!"

"பஞ்சு இல்லையே அத்தை, அதான்."

"வலைத் துணி மிச்சம் இருக்கு. ஃபேனுக்கு முன்னால போட ஒரு சட்டை தைச்சுடறேன்." டேப்பை எடுத்துக்கொண்டு பலகையருகே போனவள் திரும்பிப் பார்த்தாள். "வெளியே போடறதுதானே? அப்போ வெளி அளவு போதும்."

மருமகள் சிரித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்த அறையில் இரண்டு வேலையும் நடக்கிறது. ஆனால் மாமியாருக்கு மட்டும் அந்தப் பெட்டியை இன்னும் நம்ப முடியவில்லை. நீளமான ஓரம் ஒன்றை அடித்துக்கொண்டே இருப்பாள்; நடுவில் திடுக்கிட்டது போல உள்ளங்கையால் சக்கரத்தை அழுத்தி நிறுத்துவாள். காதைத் தீட்டிக்கொண்டு பலகையையே பார்ப்பாள். அறை நிசப்தமாக இருக்கும்.

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் மருமகள் திரும்பாமலே சொல்வாள்:

"இருக்கு அத்தை. ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

சக்கரம் மறுபடி சுற்ற ஆரம்பிக்கும்.